எடைக்கு எடை வெல்லம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளை எடை போடுகிற மேடை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய தகரக் கூண்டுக்குள் இருபது வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருப்பவர் அழகேசன். காலி லாரி மேடையில் ஏறினால் ஒரு எடை. சரக்கோடு வந்து ஏறினால் இன்னொரு எடை. இதிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் சரக்கு. இந்த ஒற்றைக் கழித்தல் கணக்கை வைத்துக்கொண்டே கல்யாணம் பண்ணி, பாரிவாக்கத்தில் மாடிவீடு கட்டி, கீழ் போர்ஷனை ஐ.டி. குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டு, மகளை இங்கிலீஷ் மீடியத்திலும் சேர்த்துவிட்டார். ஒரு கணக்கு ஒருத்தருக்கு இவ்வளவு செய்து கொடுத்த பிறகு, உலகத்தில் வேறு கணக்கே கிடையாது என்று அவர் முடிவு கட்டினதில் ஆச்சரியம் இல்லை.

மேடையில் அவர் சொன்னதுதான் சட்டம். இன்ஜினை அணைக்க வேண்டும். டிரைவர் இறங்கிவிட வேண்டும். யாரும் வண்டியை ஆட்டக்கூடாது. ஆடினால் எடை நிற்காது. லோடு ஏற்றாமல் எடை மட்டும் ஏறியிருந்தால் எங்கேயோ திருட்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம். டீசல் டேங்கை ரொப்பியிருப்பான், டூல் பாக்ஸில் கல்லைப் போட்டிருப்பான், கிளீனர் தார்ப்பாய்க்குள் படுத்திருப்பான். எதுவாக இருந்தாலும் அழகேசன் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கண் சிவந்து, தலை தொங்கிப்போய் வருகிற டிரைவருக்கு அவர் எடைச் சீட்டு கொடுக்கமாட்டார். "போய் அந்த வேப்ப மரத்தாண்ட ஓரங்கட்டு. தூங்கி எழுந்துக்கினு வா" என்பார். முன்பு ஒருவன் அரைத் தூக்கத்தில் ரிவர்ஸ் எடுத்து, கூண்டில் பாதியைக் கொண்டுபோய்விட்டான். அதிலிருந்து லாரிக்காரர்களின் தூக்கத்தில் அவருக்கு அப்படி ஓர் அக்கறை.

மகளின் தூக்கம் கூண்டை இடிக்கவில்லை. அதனால் தெரியவில்லை.

மகள் காவ்யா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற உருவம். வெளியே நின்ற அழகேசன் ஊர் எல்லையம்மனை நினைத்து, எப்படியாவது பிள்ளைக்கு எடை ஏற்றிக் கொடு தாயே, எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். எவ்வளவு ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. லாரிக்காரனிடம் இப்படி மொட்டையாகப் பேசியிருப்பாரா? அம்மன் என்றால் ஓர் இளக்காரம். அவள் பாட்டுக்குக் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

வேண்டுதல் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஒரு வருஷம் வீடு கட்டினார்கள். ஒரு வருஷம் பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டு. அப்புறம் கொரோனா, அப்புறம் சோம்பல். காவ்யாவுக்குப் பத்து வயது ஆனபோது பூசாரியே வழியில் மடக்கிக் கேட்டுவிட்டார். வருகிற ஆடியில், கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை துலாபாரம் என்று நாள் குறித்தாயிற்று. குறித்த அன்று சாயங்காலம்தான் அழகேசன் மகளை முழுசாகப் பார்த்தார். பிள்ளை உருண்டையாக இருந்தது.

மூன்று சவுக்குக் கம்பு நட்டு, நடுவில் தொங்கவிட்ட பெரிய தராசு. இரண்டு பக்கமும் சங்கிலியில் கட்டின பலகைத் தட்டு. ஒன்றில் பிள்ளையை உட்காரவைப்பார்கள், இன்னொன்றில் வெல்ல மூட்டையை அடுக்குவார்கள். சுற்றி நின்று சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சாமி பார்க்கிறதா என்பது வேறு விஷயம்.

அந்தச் சொந்தக்காரர்களைச் சும்மா சொல்லக்கூடாது. காவ்யா நோஞ்சானாக இருந்த காலத்தில், பிள்ளைக்குச் சோறு போடுகிறாயா இல்லையா என்று அவள் அம்மா ராஜகுமாரியை நிற்கவைத்துக் கேட்டவர்கள் இவர்கள்தான். இப்போது, கொஞ்சம் குறைத்துப் போடக்கூடாதா என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் பிரியாணி தின்ற கையைக் கழுவாமலே வந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். கிள்ளின விரலை வாயில் வைத்து முத்தம் வேறு. கன்னத்தில் நெய்யும் மசாலாவும் மினுமினுக்க அந்தப் பெண் நிற்கும். "இன்னாடி, எந்தக் கடை அரிசி துன்ற?" என்று கேட்கிற பெரிய மனுஷருடைய வயிறு, கேள்விக்கு முன்னாலேயே வந்து நின்றிருக்கும். அதை யாரும் கிள்ளுவதில்லை.

இவர்களுக்கெல்லாம் தலைவர் கோவிந்தராஜ். ராஜகுமாரியின் அண்ணன், திருநின்றவூர் பக்கம் ப்ளாட் விற்கிறவர். காவ்யாவை மடியில் வைத்துக் காது குத்தின தாய்மாமன். நாள் குறித்த செய்தி காதில் விழுந்த அன்றே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பந்தயம் கட்டிவிட்டார்: தராசு சமமாக நிற்க எத்தனை மூட்டை வெல்லம் வேண்டும்? சித்தப்பா ஒரு எண் சொன்னார், அத்தை ஒரு எண் சொன்னார், துபாயில் இருக்கும் ஒருவர் அங்கிருந்தே ஒரு எண் சொன்னார். எண்ணுக்குப் பக்கத்தில் ஆளாளுக்கு யானை பொம்மை ஒன்று. பெற்ற பிள்ளைகளைக் கோழிச்சண்டைக்கு விடாததுதான் பாக்கி.

கோவிந்தராஜ் அத்தோடு விட்டாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, காவ்யா தட்டில் வைத்துக் கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே, அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"மாமே, தராசு சங்கிலிக்கு வெல்டிங் வச்சு வையி. அறுந்து வுழுந்துச்சுனா அம்மன் மேலதான் பழி."

அழகேசன் சிரித்து வைத்தார். மச்சினனாயிற்றே. காவ்யாவும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் இன்னும் சொல்வார்கள் என்று பத்து வயதுக்குள் கற்றுக்கொண்டிருந்தாள். மாமன் போனபிறகு அடுப்படியில் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் உக்காரலன்னா சாமி கோச்சுக்குமாம்மா?"

பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர் ராஜகுமாரி. நாள் முழுக்க எல்லாருக்கும் பதில் சொல்கிற வேலை. இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னொரு முறுக்கை எடுத்து மகள் கையில் வைத்தார்.

அழகேசனுக்கோ பதில் தயாராக இருந்தது. சாமியை ஏமாற்ற முடியாது. சொந்தக்காரர்கள் வாயை மூட முடியாது. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் சரக்கை இறக்கிவிட வேண்டும். மகளுக்கு அவமானம் வரக்கூடாது என்ற எண்ணம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. அவமானத்துக்குக் காரணமானவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையைக் குறைக்கப் போனதுதான் வேடிக்கை. ஆனால் ஊரே அப்படித்தான் செய்கிறது. சாக்கடை நாறினால் நாமும் ஜன்னலைத்தானே மூடுகிறோம்.

கீழ் வீட்டு சரவணக்குமார் ஆலோசகர் ஆனார். நாமக்கல்காரர், கம்ப்யூட்டர் வேலை, கையில் எல்லாவற்றையும் எண்ணுகிற வாட்ச். அமெரிக்காக்காரன் விழித்திருக்கிற நேரமெல்லாம் தானும் விழித்திருப்பவர். கடைசியாக எப்போது தூங்கினார் என்பது அந்த வாட்சுக்கே மறந்திருக்கும். "உள்ள போற கலோரி, வெளிய போற கலோரி. அவ்ளோதானுங்கண்ணா" என்றார். அழகேசனுக்குக் கண்ணில் நீர் வராத குறை. அட, இது நம்ம மேடைக் கணக்கு.

திட்டம் போடப்பட்டது. சாயங்காலப் பலகாரம் நிறுத்தம். ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, அதுவும் ஒன்று. விடிவதற்கு முன் ஏரிக்கரையில் ஓட்டம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். காவ்யா பள்ளி விட்டால் இந்தி டியூஷன், அது விட்டால் அபாகஸ், அதுவும் விட்டால் வீட்டுப்பாடம். அதெல்லாம் முடிகிற நேரத்துக்கு இரண்டாம் ஷிஃப்ட் முடித்து அழகேசன் வருவார். வந்தால் டி.வி. ஓடும், போன் ஓடும், அடுத்த நாள் திட்டம் ஓடும். மூன்று பேரும் படுக்கிற ஒற்றை ஹாலில் விளக்கு அணையும்போது ஊரில் பாதி உறங்கியிருக்கும். காலையில் பள்ளி வேன் வரும்வரை புரண்டு கிடந்துதான் அந்தப் பிள்ளை ஏதோ கொஞ்சம் ஈடு கட்டிக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தையும் உருவி ஓட்டத்துக்குக் கொடுத்தார்கள்.

விடியாத நேரத்து ஏரிக்கரை அழகு என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்கலாம். கோழிக்கடைக்காரன் கட்டி எறிந்த கழிவு மூட்டை, பாதி பிரிந்தது. உடைந்த பாட்டில். யாரோ கழித்த மெத்தை, தண்ணீரில் ஊறி உப்பிக் கிடக்கும். மூட்டையை இழுத்துக்கொண்டு நாய்கள். இந்த நாற்றத்தில் ஒரு பத்து வயதுப் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டு ஓடும். கொட்டாவிக்கு வாயைத் திறந்தால் கொசு உள்ளே போகும். பின்னாலேயே மொபெட்டில் அப்பா வருவார். ஆமாம், மொபெட்டில். அவருடைய தொப்பை பெட்ரோல் டேங்கின் மேல் வசதியாகச் சாய்ந்திருக்கும்.

சரவணக்குமார் வீட்டிலிருந்து எடை பார்க்கிற கண்ணாடிப் பலகை ஒன்று இரவல் வந்தது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை அதன்மேல் வைத்து, சரியாகத்தான் காட்டுகிறதா என்று சோதித்த பிறகே அழகேசன் மகளை ஏற்றினார். தூக்கக் கலக்கத்தில் அவள் தள்ளாடினால் அதட்டுவார். "ஆடாத. மேல நின்னுக்கினு ஆடக்கூடாது. ஆடினா எடை நிக்காது."

எடை நின்றது. முன்னைவிட மேலே நின்றது.

அடுத்த வாரமும் ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரமும். லோடு குறைத்தாயிற்று, எடை ஏறுகிறது. அழகேசனுக்கு இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். திருட்டு.

விசாரணை ஆரம்பமாயிற்று. டூல் பாக்ஸைத் திறக்கிற மாதிரி மகளின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்தார். புத்தகப் பையைக் கவிழ்த்து உதறினார். ராஜகுமாரிதான் கள்ளத்தனமாக ஊட்டுகிறார் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒருநாள் ஷிஃப்ட்டுக்குப் போகாமல், டியூஷன் வாசலில் ஒளிந்து நின்று பிடித்துவிட்டார். கூடப்படிக்கிற பிள்ளைகளுக்கு அறிவியல் படம் வரைந்து கொடுத்து, அதற்குக் கூலியாக க்ரீம் பிஸ்கட் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள் காவ்யா. பிஸ்கட் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வீடு வந்த நடையைப் பார்த்தால், கடத்தல் சந்தன மரத்தோடு வருகிறார் என்று நினைப்பீர்கள்.

ஏன் தின்றாய் என்று கேட்டார். அவள் சுவரோடு சாய்ந்து, பாதி மூடின கண்ணோடு சொன்னாள்:

"பசிக்குதுப்பா. தூக்கம் வர்றப்பல்லாம் பசிக்குது."

எல்லாம் அதிலேயே இருந்தது. அழகேசன் காதில் விழுந்தது பசி மட்டும். பிஸ்கட் தடை செய்யப்பட்டது. டியூஷனுக்கும் காவல் போடப்பட்டது. பள்ளியிலிருந்து, பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறது, விளையாட்டு நேரத்தில் ஓரமாகத் திண்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்று சொல்லியனுப்பினார்கள். சோம்பேறித்தனம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தார். மறுநாளிலிருந்து ஓட்டம் இன்னும் முன்னதாக.

ராஜகுமாரி ஒருநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மகளைப் பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா தராசைத் தொடவில்லை. பிள்ளையின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள் என்று கேட்டார். ராஜகுமாரி சொன்ன நேரத்தை விரல் விட்டு எண்ணினாராம். பிறகு பொறுமையாகச் சொன்னார்: இந்த வயதில் ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், இனிப்பைத்தான் மனசு தேடும், பகலில் கைகால் அசைய மறுக்கும், உடம்பு எடை போட இதெல்லாம் சேர்ந்து வழி பண்ணும். சாப்பாட்டையும் கவனிக்கலாம், விளையாடவும் விடலாம், ஆனால் முதலில் பிள்ளையைத் தூங்க விடுங்கள்.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அழகேசன் சிரித்தார்.

"தூங்கினா எடை குறையுமா? அப்போ எங்க நைனா மேச்ச எருமைங்கோ எல்லாம் ஓணான் மாரி இல்ல இருந்திருக்கணும்? மேடை மேல லாரி ராவெல்லாம் நின்னாகூட ஒரு கிலோ எறங்காது, தெரியுமா? தூக்கத்துக்கு இன்னா எடை கீது?"

எடை இல்லைதான். எடை இல்லாத சரக்கைத் திருடினால் எந்த மேடையிலும் காட்டாது.

ஆடி வந்தது. கூழ் ஊற்றுகிற ஞாயிறும் வந்தது. கடைசி நாளிலாவது கொஞ்சம் இறங்கட்டும் என்று அழகேசன் மகளை என்றைக்கும் இல்லாத அளவுக்கு முன்னதாக எழுப்பி ஓடவைத்தார். பிறகு வெறும் வயிறு. வேண்டுதலுக்கு விரதம் என்று அதற்குச் சாமியைச் சாட்சி வைத்தார். பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக் கோயில் வாசலில் நிற்கவைத்தார்கள். அங்கே போனால், வட்டப் பிரமுகர் ஒருவர் வந்து முதல் அகப்பை கூழை ஊற்றிப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்றது எல்லாம் என்றார்கள். அவர் உச்சி வெயிலுக்கு வந்தார். வந்து ஊற்றினார். ஊற்றினது படத்தில் சரியாக விழவில்லை என்று திரும்பவும் ஊற்றினார். கூழில் ஈ விழுந்தது. அதையும் ஊற்றினார்.

ஒருவழியாகக் காவ்யாவைக் கூப்பிட்டார்கள். தராசில் தூக்கி உட்காரவைப்பது தாய்மாமன் உரிமை. கோவிந்தராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, அவளைத் தூக்கினார். தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினார். கூட்டம் சிரித்தது. காவ்யா இந்த முறை அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கீழே பார்த்தாள். நாலாபக்கமும் போன்கள் எழும்பின.

பம்பை மேளம் அடித்தார்கள். எதிர்த் தட்டில் ஒரு மூட்டை வைத்தார்கள். தட்டு அசையவில்லை, ஹோ என்றார்கள். இன்னொன்று வைத்தார்கள். இன்னொரு ஹோ. வெல்லம் வெயிலில் கசிந்து, சாக்கை நனைத்து, பலகையிலிருந்து சொட்டியது. எறும்புகள் சங்கிலி வழியாக ஏற ஆரம்பித்தன. யாரோ பந்தயத்தில் தோற்றவர் சலித்துக்கொண்டார். கோவிந்தராஜ் சொன்ன எண்ணுக்கு இன்னும் ஒரே ஒரு மூட்டை பாக்கி. அதை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

காவ்யா தூங்கிவிட்டிருந்தாள். தலை சங்கிலியில் சாய்ந்திருந்தது. வாய் திறந்து, ஓரத்தில் எச்சில் வழிந்தது. கை இரண்டும் மட்டும் சங்கிலியை விடவில்லை.

சிலர் சிரித்தார்கள். சன்னதியில் தூங்கக்கூடாது, எழுப்புங்கள் என்றார் பூசாரி. ராஜகுமாரி போனார். மகளின் தோளைத் தொடுவார் என்று எல்லாரும் பார்த்திருக்க, அவர் பலகையின் ஓரத்தில் கையை வைத்து மெதுவாக ஆட்டினார், தூளியை ஆட்டுகிற மாதிரி. தராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. ஆட்டாதே தாயி, எடை நிற்காது என்று பூசாரி பதறினார். ராஜகுமாரி காதில் வாங்கவில்லை.

"மாமே, நீ வந்து புடி" என்றார் மூட்டையோடு நின்ற கோவிந்தராஜ். "ஒனக்குத் தெரியாததா?"

கூட்டம் விலகி வழி விட்டது. எடைக்காரர் வருகிறார். அழகேசன் தராசுக்கு அருகில் வந்து நின்றார். மகளைப் பார்த்தார். தொங்கின தலை, திறந்த வாய், எதையோ இறுகப் பிடித்த கை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உறங்கிப்போகிற எத்தனை பேரை இதே கோலத்தில் பார்த்திருக்கிறார். அவர்கள் எல்லாரையும் வேப்ப மரத்தடிக்கு அனுப்பியிருக்கிறார். ஒருத்தரைக்கூட ஏரிக்கரையில் ஓடச் சொன்னதில்லை.

அவர் நகர்ந்து வெல்லத் தட்டின் பக்கம் போனார். பிடித்து நிறுத்தப் போகிறார் என்று நினைத்து போன்கள் கிட்டே வந்தன. அழகேசன் அந்தத் தட்டை ஒரு தள்ளு தள்ளினார். தராசு இன்னும் வாகாக ஆடியது.

"ஆடுற தராசுல எடை பாக்கக்கூடாது, மச்சான்" என்றார். "அவ தூங்கி எழுந்துக்கட்டும்."

பின்னால் துலாபாரத்துக்குக் காத்திருந்தவர்கள் கத்தினார்கள். பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். தாய்மாமன் மூட்டையைக் கீழே வைக்கவும் முடியாமல் தட்டில் போடவும் முடியாமல், தோளில் வெல்லம் ஒழுக, எறும்பு கடிக்க, கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். அன்றைய தினத்தில் பார்க்கத் தகுந்த காட்சி அது ஒன்றுதான். பந்தலின் நிழல் நகர்ந்து பலகையைத் தொடும்வரை அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். காவ்யா எழுந்ததும் அழகேசன் அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, கொண்டுவந்த வெல்லம் மொத்தத்தையும், கோவிந்தராஜ் தோளில் இருந்தது உட்பட, அம்மனுக்கே வைத்துவிட்டார். பிள்ளையின் எடை என்ன என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் பந்தயத்தைச் செல்லாது என்பதா, பாதி பாதி பிரிப்பதா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அத்தனை போனிலும் எடுத்த படத்தில் ஆடுகிற பலகையைத் தவிர ஒன்றும் இல்லையாம்.

அபாகஸ் நின்றது. கண்ணாடிப் பலகை கீழ் வீட்டுக்குத் திரும்பிப் போனது. கன்னம் கிள்ளுகிறவர்கள் கிள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை.

மறுநாள் விடியாத நேரத்தில் வழக்கம்போல அலாரம் அடித்தது. நான்தான் எழுந்து நிறுத்தினேன் என்கிறார் ராஜகுமாரி. இல்லை, நான் என்கிறார் அழகேசன். அலாரம் அடிக்கவே இல்லை என்கிறாள் காவ்யா. தூங்கினவளுக்கு எப்படித் தெரியும்?